உன் அப்பா காட்டிய வேகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லாரும் நலம், உன் நலத்தையும் மாப்பிள்ளை நலத்தையும் அறிய ஆவல் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். உண்மையில் எனக்கு முதுகுவலி, உன் அப்பாவுக்கு வாய்வலி, அதாவது வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார், நான் வாயைத் திறந்தால் கையைக் காட்டி அடக்குகிறார், அதனால்தான் கடிதம். போன தடவை நீ கேட்டதற்கு, புது முதலாளி வந்தாயிற்று எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொன்னாரே, அது பச்சைப் பொய். உன் சித்திக்கு வேலை போய்விட்டது. அவளோடு, குப்பை ஓடிவரும் பெல்ட்டின் பக்கத்தில் நின்று அதைப் பிரித்தவர்களில் பாதிப் பேருக்குப் போய்விட்டது. உன் அப்பாவுக்குப் போகவில்லை, அதுதான் இப்போது வீட்டில் பெரிய தொல்லை.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் எரிச்சல் உனக்குப் புரியும். பழைய முதலாளி மறுசுழற்சிக் கம்பெனியை விற்கப் போகிறார் என்று பேச்சு வந்த நாளிலிருந்தே அங்கே ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. வாங்கப் போகிறவர்கள் ஆள் அனுப்பி ஒரு வாரம் வேலையைக் கவனிப்பார்கள் என்றதும் உன் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. சூப்பர்வைசர் அல்லவா, சும்மா இருப்பாரா. எல்லாரையும் கூட்டி வைத்து, வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும், இப்படிப்பட்ட ஆட்களை விடவே கூடாது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருக்கிறார். அந்த வாரம் முழுக்க யாரும் டீ குடிக்க நகரவில்லை, பேச்சில்லை, சிரிப்பில்லை, பெல்ட்டில் வரும் பாட்டிலையும் தகரத்தையும் அட்டையையும் பேய் பிடித்த மாதிரி பிரித்துத் தள்ளியிருக்கிறார்கள். கண்ணாடி பொறுக்கும் அக்கா முட்டிவலிக்காக முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், அவர் முக்காலியை ஒளித்துவைத்துவிட்டு நாள் முழுக்க நின்றாராம். உன் சித்தியைக் கேட்கவே வேண்டாம், அவளுக்கு எப்போதும் தான்தான் முதலில் வர வேண்டும். முற்றத்தில் மலை மாதிரி கிடந்த குவியல் கடைசி நாள் சாயங்காலத்துக்கு முன்பே காலி. பெல்ட் வெறுமையாக ஓடுகிறது, இவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள், உன் அப்பா வந்தவர்களை அழைத்துப்போய் அதைக் காட்டுகிறார். அந்தப் பெருமையை வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார். எனக்கு அப்போதே உறுத்தியது. இத்தனை பேர் சும்மா நிற்பதைப் பார்த்தால் காசு போடுகிறவனுக்கு என்ன தோன்றும் என்று கேட்டேன். உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இரு என்றார். ஆமாம், நான் தையல் மிஷின் மிதிக்கிறவள், எனக்கு என்ன தெரியும்.

கம்பெனி கைமாறியது, புது மேனேஜர் வந்தான், வந்த சூட்டோடு பாதிப் பேர் போதும் என்று சொல்லிவிட்டான். நீங்களே நிரூபித்துவிட்டீர்களே என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் வருகிறான் என்று உன் சித்தி அவனுக்கு இஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறாள், வேலை போன அன்றும் அவளுக்கு அந்த வாய் மட்டும் போகவில்லை. ஆனால் அவளுடைய கோபம் இஸ்திரி மேல் இல்லை, உன் அப்பா மேல். மாமா பேச்சைக் கேட்டுத்தான் ஓடினோம், எங்களை ஓடவிட்டு அவர் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டார் என்று தெருவில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று போனவள்தான். மற்றவர்களும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்னிடம் தைக்கக் கொடுத்திருந்த இரண்டு பேர் வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் என்ன செய்தேன் சொல், நானா அவர்களை ஓடச் சொன்னேன்?

மிச்சம் இருக்கிற பாதிப் பேருக்கும் நிம்மதி இல்லை. அந்த ஒரு வாரம் ஓடிய ஓட்டத்தை இனி தினமும் ஓட வேண்டுமாம். அப்பா பக்கத்தில் நின்று விரட்ட வேண்டும், அதுதான் இப்போது அவர் வேலை. விரட்டினால் மட்டும் குப்பை சுத்தமாகிவிடுமா. ஈர அட்டையும் எண்ணெய் டப்பாவும் காகிதக் கட்டுக்குள் போய், காகித ஆலைக்காரர்கள் ஒரு லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி அக்காவுக்கு அவசரத்தில் உள்ளங்கை கிழிந்து தையல் போட்டிருக்கிறது. அன்றைக்குத்தான் உன் அப்பா மேனேஜர் அறைக்குப் போய், சார் அந்த வாரம் நாங்கள் செய்தது உங்களுக்குக் காட்டுவதற்காகச் செய்தது, மனுஷன் தினமும் அப்படி வேலை செய்ய முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். அதற்கு அவன், "நடிச்சதாவே இருக்கட்டும். அந்த வேகம் உங்க கையில இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டானாம். உன் அப்பா அப்படியே திரும்பி வந்து என்னிடம் சொன்னார். யோசித்துப் பார்த்தேன், எனக்கும் அதற்குப் பதில் வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

பிறகு நடந்ததைப் பற்றி அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை, கண்ணாடி அக்காதான் கட்டுப் போட்ட கையோடு வந்து சொன்னார். திங்கட்கிழமை காலை உன் அப்பா சூப்பர்வைசர் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பெல்ட்டின் வேகத்தைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டு, உன் சித்தி நின்ற இடத்தில் போய் நின்று பிரிக்க ஆரம்பித்துவிட்டாராம். பழக்கமில்லாத கை, மெதுவாகத்தான் வரும். மற்றவர்கள் முதலில் பயந்து பயந்து பார்த்திருக்கிறார்கள், பிறகு அவர்களும் நிதானமாகிவிட்டார்கள். டீ நேரத்தில் பெல்ட்டை நிறுத்தி எல்லாரையும் குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். இஸ்திரி ஓடி வந்து இதென்ன கூத்து என்று கேட்டதற்கு, "இதுதான் சார் எங்க வேகம். அன்னைக்கு நீங்க பார்த்தது பயம்" என்றாராம். நாலு நாளாக இதுதான் நடக்கிறது. முற்றத்தில் குவியல் மதில் உயரத்துக்கு ஏறிவிட்டதாம். அடுத்த வாரம் தலைமை ஆபீசிலிருந்து ஆள் வருகிறார்களாம். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு, வேலை போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடலாம், இவரை வெளியே தள்ளினாலும் தள்ளலாம். தள்ளுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த வயதில் இந்த வீறாப்பு எதற்கு, இந்த ஞானம் அன்றைக்கே வந்திருக்கக் கூடாதா என்று நான் வாய் ஓயாமல் திட்டினேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

நேற்று உன் சித்தி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே அவர் முன்னால் போய் நின்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன், சண்டை வரப்போகிறது என்று. அவள், "மாமா, என் இடத்துல நிக்கறீங்களாமே. கையில தடிமனா உறை போட்டுக்கிட்டு நில்லுங்க, அந்தப் பக்கம்தான் ஊசி நிறைய வரும்" என்றாள். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டாள், காபி குடித்துவிட்டுப் போ என்றதற்குக்கூட நிற்கவில்லை. உன் அப்பா தலையை ஆட்டினார். அப்புறம் குளியலறைக்குப் போனவர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

உடனே கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நீ ஆரம்பிக்காதே, அவர் வர மாட்டார். மாப்பிள்ளையை வெயிலில் அலையாமல் இருக்கச் சொல். நீயும் ஆபீசில் யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காக இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யாதே, நீ உன் அப்பாவின் பெண், உனக்கும் அந்த வியாதி உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கிடைத்த கையோடு அப்பாவுக்குப் போன் செய். ஏன் செய்தீர்கள், இனி என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்காதே, அதற்கு நான் இருக்கிறேன். நீங்கள் செய்தது சரிதான் அப்பா என்று மட்டும் சொல்லிவிடு. எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் இத்தனை வருஷம் திட்டியே பழகிய வாய், அவர் முன்னால் போய் நின்றால் வேறு எதுவோ வருகிறது. எனக்காகவும் சேர்த்து நீயே சொல்லிவிடு.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அம்மா