பதினான்காம் கூண்டின் அண்ணன் தம்பிகள்

மார்ச் 3
இன்றும் கடி. இடது கட்டைவிரலில், கையுறையைத் தாண்டி. கால்நடை மருத்துவம் நான்காம் வருஷம். மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்ட கை, உள்ளங்கையில் அடங்குகிற சுண்டெலியிடம் தோற்கிறது. கூண்டு கழுவும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "டாக்டரம்மா, அது உங்களுக்கு ஊசி போடுது!" ஆய்வகப் பயிற்சி முடிய இன்னும் இரண்டு வாரம். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டால் கடைசி வருஷம். இல்லையென்றால் இதே வருஷம் திரும்ப.

மார்ச் 4
பதினான்காம் கூண்டில் ஐந்து ஆண் எலிகள், ஒரே ஈற்றில் பிறந்தவை. ஒன்றின் முதுகு முழுக்கக் கடிக்காயம், வால் நுனியே இல்லை. பாவமாக இருந்தது. தனிக்கூண்டில் விட்டுக் களிம்பு தடவினேன். எதை இடம் மாற்றினாலும் கூண்டு அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெல்லாம் களிம்பு. அப்புறம் எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 7
புண் காய்ந்துவிட்டது. சாயங்காலம் அண்ணன் தம்பிகளோடு சேர்த்துவிட்டேன். மனசு நிறைந்திருக்கிறது.

மார்ச் 8
கதவைத் திறந்ததும் ரத்த வாடை. மரத்தூள் சிவப்பாகக் கட்டிக் கிடந்தது. இரண்டு செத்திருந்தன. நான் வைத்தியம் பார்த்தது மூலையில், வயிறு கிழிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. பெரிய டாக்டர் பார்த்ததுமே சொன்னார்: "பிரிச்சு வெச்ச ஆண் எலியை யாரோ திரும்பச் சேர்த்திருக்காங்க. மூணு நாள் பிரிஞ்சா போதும், மத்ததுக்கு அது அந்நியன்தான். காயமே இல்லாம ஒண்ணு இருந்திருக்கும், அதைத்தான் பிரிச்சிருக்கணும். கடிக்கிறது அதுதான்."

வயிறு கிழிந்ததை, வலியை முடித்துவிடச் சொல்லி என்னிடமே கொடுத்தார். கழுத்தை ஒடித்தேன். முதல் தடவை சரியாக ஒடியவில்லை. கத்தியது.

அப்புறம் அந்த எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்பவன் வந்தான். (இனிமேல் அவனுக்கு 'ர்' போட மாட்டேன்.) நான்கு மாத வேலை பாழ். நேராக அக்காவிடம் போனான்.

"கூண்டு மாத்துறது நீதானே?"

"நான் அதைத் தொடவே இல்ல சார்."

கூண்டின் கம்பி மூடியை எடுத்து அக்கா முகத்தில் எறிந்தான். உதடு பிளந்து பல் தெரிந்தது. தரையில் சொட்டியதை அக்காவே துணியால் துடைத்தார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 9
அக்காவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஐந்து தையல்.

மார்ச் 10
அம்மா போனில்: "நீயா எறிஞ்ச? வாயைப் பொத்திக்கிட்டு கையெழுத்தை வாங்கிட்டு வா."

அம்மா சொல்றது சரிதானேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சே — அதைத்தான் தாங்க முடியலை. எறிஞ்சது அவன். ஆனா அந்த மூடி யார் மூஞ்சியில விழ வேண்டியது? சீ. நானெல்லாம் ஒரு டாக்டரா?

மார்ச் 11
சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர், நிர்வாகி, அவன் — மூன்று பேர் முன்னாலும். பிரித்தது, எழுதாதது, சேர்த்தது எல்லாம். மூடியையும் சொன்னேன். அவன் மேஜையைச் சுற்றி வந்து என் கழுத்துப்பட்டியைப் பிடித்து உலுக்கினான். எனக்கு என்ன வந்ததோ, அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். நன்றாகவே கடித்தேன். நிர்வாகிதான் பிரித்துவிட்டார்.

பெரிய டாக்டர் என் பயிற்சிப் படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

மார்ச் 20
அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். பெட்டியில் கிடந்த என் சாமான்களை எடுக்கப் போனேன். கழுவும் அறையில் நின்றிருந்தார், மேலுதடு கோணலாகச் சேர்ந்திருந்தது.

"அக்கா, என்னை —"

அறைந்தார். காது ஙொய் என்றது.

"அந்த எலி மேல அடிச்ச களிம்பு வாசனை எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும், நீதான்னு. நீயா சொல்லுவேன்னு மூணு நாள் வீட்ல காத்துக்கிட்டு இருந்தேன்."

இதுவரை என்னை அவர் 'நீ' என்றதில்லை. அழுகையாக வந்தது, அழவில்லை. பேருந்தில் கன்னம் எரிந்துகொண்டே வந்தது.

சாப்பிட்டுவிட்டு அடுத்த வருஷத்துக்கான விண்ணப்பத்தை நிரப்பினேன். பயிற்சி பெற விரும்பும் இடம் என்று கேட்டிருந்தது. இதே ஆய்வகத்தை எழுதினேன்.