சார்ஜரைப் பிடுங்கியதும் கேட்ட குரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஹெட்போன் ஆம்ப் சரியாயிடுச்சா, ஏன் பதிலே இல்ல என்று நாலு தடவை கேட்டுவிட்டாய். சரியாகிவிட்டது. சரியானதால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன்.

ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்பவளுக்குக் காது மந்தமானால் என்ன பிழைப்பு என்று புலம்பினேனே, அதற்காகத்தானே ஹெட்போனில் சத்தம் கூட்டும் அந்தத் தீப்பெட்டி அளவு ஆம்பை அனுப்பினாய். லேப்டாப்பில் சொருகியதும் விளக்கு எரிந்தது, சத்தம் மட்டும் லேப்டாப் ஸ்பீக்கரிலேயே வந்தது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீ எழுதிய பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் கேபிள். நான் போட்டிருந்தது பழைய போன் சார்ஜரின் கேபிளாம், அதில் கரண்ட் மட்டும்தான் போகுமாம். பெட்டியோடு வந்த கேபிளை மாற்றியதும் கம்ப்யூட்டர் ஆம்பை அடையாளம் கண்டுகொண்டது, நீ சொன்ன இடத்தில் அதன் பெயரைத் தொட்டேன், இரண்டு காதிலும் கேட்டது. ஆனால் கூடவே ங்ங் என்று ஒரு இரைச்சல். அன்றைக்குக் கையில் இருந்தது ஏதோ ஒரு வேலைத்தளத்து போன் பதிவு, எனக்குத் தட்டச்சு வேலை தரும் ஏஜென்சியில் யாருடைய பதிவு என்று பெயர் சொல்லமாட்டார்கள், எண் மட்டும்தான். பின்னால் மெஷின் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஆள் கத்துகிறார், கண்ணு எரியுது சார், நெடி தாங்க முடியல, நாங்க ரெண்டு பேரும் வெளிய வந்துடறோம் என்கிறார். மறுமுனைக் குரல் தணிந்த குரல், இரைச்சலில் அமுங்கிவிட்டது. இயந்திர இரைச்சல், பேச்சு தெளிவில்லை என்று அடித்து வைத்தேன்.

மறுநாள் மத்தியானம், அடித்ததைச் சரிபார்க்க ஓட்டிய அதே பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன், ஹெட்போன் காதிலேயே இருந்தது. பதிவு நின்றும் இரைச்சல் நிற்கவில்லை. அப்படியென்றால் அது மெஷின் இல்லையே. உன் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தேன், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார் என்றிருந்தது. பிடுங்கினேன், கப்பென்று அடங்கியது. மறுபடி ஓட்டினேன். மிச்சம் இருக்கிற லோடை ஏத்திட்டு வாங்கடா, ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன் என்றது அந்தக் குரல். சின்ன மாமா குரல். தோளில் தூக்கி வளர்த்த தம்பியின் குரல் எனக்குத் தெரியாதா.

அவன் சூப்பர்வைசராக இருக்கும் குளிர்கிடங்கில் வாயு கசிந்து லோடுமேன்கள் இரண்டு பேர் செத்ததுதான் உனக்குத் தெரியுமே. அந்த நேரத்துல நான் கேன்டீன்ல இருந்தேன்க்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாது என்று நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதான், நானும் சேர்ந்து அழுதேன்.

உன்னிடம் மறைப்பானேன், சார்ஜரைத் திரும்பச் சொருகினேன். இரைச்சல் வந்தது, அவன் குரல் போனது. அப்படியே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். முதலில் அடித்ததை மாற்றாமல் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, காது மந்தமான பொம்பளை என்று விட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஆள் சார் சார் என்று கூப்பிட்டது என் காதில் நிற்கவே இல்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அவன் சொன்னதை அப்படியே அடித்தேன். ஏஜென்சி அம்மாவைக் கூப்பிட்டு, இது என் கூடப்பிறந்தவன் குரல், வேறு யாரையாவது கேட்கச் சொல்லுங்கள் என்றேன். கேட்டவர்களும் அதே வரியைத்தான் அடித்தார்கள். வேலையை விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு பேர் சாவைப் பற்றிய விசாரணைக்காகத்தான் அந்தப் பதிவு வந்ததாம். அங்கே அதை வாசிப்பதற்கு முன்னால் நானே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. காது கேக்கலன்னு எழுதியிருக்கலாமேக்கா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான். அத்தை எழுந்து கதவைத் திறந்துவிட்டு நின்றாள், போ என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். போன வியாழக்கிழமை வாசித்தார்கள், அங்கேயே போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. இப்போதும் உள்ளேதான் இருக்கிறான். செத்தவர்களில் ஒருவருக்கு உன் வயதுதான். அவருடைய அம்மா எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அந்த வரியை வாசித்தபோது இன்னொரு தடவை வாசிங்க என்று கேட்டார். வாசித்தார்கள். அப்பா எனக்குச் சாப்பாடு போட்டு வைக்கிறார், நான் செய்தது சரி என்றும் சொல்லவில்லை தப்பு என்றும் சொல்லவில்லை.

உன் மேல் பழி போட்டுக்கொள்ளாதே, நீ அம்மாவுக்குக் காது கொடுத்தாய், அவ்வளவுதான். மாமா பெண் உனக்குக் கண்டபடி மெசேஜ் அனுப்புவாள், பதிலுக்குப் பதில் பேசாதே, எனக்காக வாதாடவும் வேண்டாம். அப்பாவை இழந்தவள் மாதிரி இருக்கிறாள் பாவம். திங்கட்கிழமை அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அவனுக்கு மாற்றுச் சட்டை மடித்து வைத்திருக்கிறேன். அத்தை வாங்குவாளோ வீசுவாளோ. எந்தப் பக்கம் போய் உட்காருவது என்றும் தெரியவில்லை. ஆனாலும் போவேன்.

பட்டினி கிடக்காமல் வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் இதை நீயே பக்குவமாகச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிம்மதியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்