விலை இறங்கட்டும் என்றாய்

சேலையூர்,
ஞாயிறு மதியம்.

என் அம்மாவுக்கு, தீபா அன்போடு எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குவைத்தில் இப்போது குளிர் என்று போன வெள்ளிக்கிழமை சொன்னாய். உதயா அக்கா கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

வழக்கம்போலத் தாளில் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீ ஃபோனில் வந்தால் எனக்கு ‘ம்’ தவிர வேறு எதுவும் வராது. எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு வாய் திறக்கிறது.

முதலில் அவசரச் செய்தி. நேற்று அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நம்பி உங்கள் மேடத்திடம் எதையும் சொல்லிவிடாதே. அடுத்த இரண்டு வருஷ வேலைக்கான காகிதத்தில் இந்த வெள்ளிக்குள் கையெழுத்து வேண்டும் என்று மேடம் கேட்பதாகச் சொன்னாய். "அங்க விலைவாசி எறங்குதா ஏறுதான்னு பாத்துச் சொல்லுங்க. எறங்கினா வந்துடறேன், இல்லேன்னா கையெழுத்தப் போட்டுடறேன்" என்றாய். அன்றிலிருந்து அப்பா கிரிக்கெட் மேட்ச் பார்ப்பது போலச் செய்தி பார்க்கிறார். வெங்காயம் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் எங்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொல்கிறார்.

நேற்று சாயங்காலம் கேம்ப் ரோடு டீக்கடை டிவியில் ‘விலைவாசி குறைந்தது’ என்று கீழே எழுத்து ஓடியிருக்கிறது. அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோவுக்குள் உட்கார்ந்து உனக்கு அந்த மெசேஜை அனுப்பினார். "கங்கா, விலை எறங்கிடுச்சு, பெட்டியக் கட்டு!" அதோடு விட்டாரா? மைசூர் பாக் வாங்கி ஸ்டாண்டில் இருந்த எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். தாம்பரம் போக ஏறி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கொடுத்தாராம். காலேஜ் பெண் ஒருத்தி, "என்ன அங்கிள், பேரன் பொறந்திருக்கானா?" என்று கேட்டதற்கு, "இல்லம்மா, விலைவாசி எறங்கிகீது" என்றாராம். அந்தப் பெண் மைசூர் பாக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தாம்பரம் வரை போயிருக்கிறாள்.

அப்போதுதான் குப்பன் மாமா சவாரி முடித்து, வீட்டுக்கும் போய்விட்டு வந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் ஸ்டாண்டு வரிசையில் எப்போதும் நடக்கிற சண்டை உனக்குத் தெரியும். "இன்னா முனிரத்தினம், ஸ்வீட்டு விலை எறங்கிச்சா? நான் இப்பதான் வூட்ல பாத்துட்டு வர்றேன். விலைவாசி ஏறிகீதுன்னு டிவிலயே சொல்றான்" என்றார். அப்பா சிரித்தார். குப்பன் மாமாவும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பந்தயம் கட்டிவிட்டார்கள். தோற்றவர் ஒரு வாரம் முழுக்க வண்டியை வரிசையில் கடைசியில்தான் நிறுத்த வேண்டும். யார் முன்னால் வந்தாலும் அவருக்கு வழி விட வேண்டும். ஒரு வாரம் கடைசி என்றால் எத்தனை சவாரி போகும் என்று உனக்குத் தெரியும்.

இரண்டு பேரும் பார்த்தது ஒரே நாள் செய்தி, அம்மா. ஒன்று இறங்கியது என்கிறது, இன்னொன்று ஏறியது என்கிறது. விசாரித்து எழுதுகிறேன். அதுவரை பேனாவைத் தொடாதே.

உன் பதில் வரும்வரை ஃபோனையே பார்த்துக்கொண்டிருக்கிற
தீபா.


சேலையூர்,
புதன், கடை மூடிய பிறகு.

அன்பு அம்மா,

தெரிந்துவிட்டது! இரண்டு டிவியும் பொய் சொல்லவில்லை. எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். மேடம் வீட்டுக் குழந்தைகள் தூங்கிய பிறகு படி.

மாடியில் சின்மயி இருக்கிறாள் அல்லவா, வீட்டுக்காரர் மகள்? இப்போது பி.காம். முதல் வருஷம். ஞாயிறு சாயங்காலம் நான் அவளிடம் போய்க் கேட்பதற்கே படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். மூன்றாவது தடவை அவளே கதவைத் திறந்து, "என்னடி, படிக்கட்டைத் தேய்க்கிறியா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் ஃபோனில் இரண்டு செய்தியையும் தேடி எடுத்தாள். இரண்டும் அரசாங்கத்தின் ஒரே அறிக்கைதான். ஒரு டிவிக்காரர் போன மாதத்தோடு ஒப்பிட்டுக் குறைந்தது என்றார். இன்னொருவர் போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட்டு உயர்ந்தது என்றார். சின்மயி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினேன்டி. எழுதி பாஸும் பண்ணிட்டேன். ஆனா ஒரே நேரத்துல எப்படி ஏறும், எப்படி இறங்கும்னு இப்பத்தான் நானே யோசிக்கிறேன்" என்றாள். இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரத்தில் உதயா அக்கா ஊரப்பாக்கத்திலிருந்து குழந்தையோடு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பயப்படாதே அம்மா, ஒன்றுமில்லை. போன மாதம் இனியாவுக்குக் காய்ச்சல் வந்து போனதல்லவா, சனிக்கிழமை அங்கன்வாடியில் எடை போட்டபோது போன மாதத்தைவிடக் கால் கிலோ குறைந்திருக்கிறது. அக்கா அங்கேயே அழ ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. டீச்சர் எடை அட்டையை எடுத்துக் காட்டி, "இங்க பாரும்மா, பொறந்தப்போ ரெண்டே முக்கால் கிலோ, இப்போ எட்டு கிலோ. ஒரு மாசம் இளைச்சதுக்கா அழறே?" என்று சொல்லி அனுப்பினாராம்.

அக்கா இதைச் சொல்லி முடித்ததும் சின்மயியும் நானும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வந்ததே கோபம்! "கொழந்த இளைச்சிப் போய் வந்திருக்கு, இன்னாடி சிரிப்பு உங்களுக்கு?" என்று தலையணையைத் தூக்கி எறிந்தாள். சின்மயி அதைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க பொண்ணுதான் விலைவாசி!" என்றாள். அதற்கு அடுத்த தலையணையும் வந்தது.

ஆனால் அவள் சொன்னது சரிதான். போன மாதத்தோடு நிறுத்திப் பார்த்தால் இனியா இளைத்திருக்கிறாள். பிறந்ததோடு நிறுத்திப் பார்த்தால் மளமளவென்று வளர்ந்திருக்கிறாள். இரண்டும் உண்மை. விலையும் அப்படித்தான்.

எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். காய்கறிக் கடையில் காலையில் கரும்பலகையில் விலை எழுதுவது என் வேலைதானே? நேற்றைய விலையைத் துணியால் அழித்துவிட்டு இன்றைய விலையை எழுதுகிறேன். பலகைக்கு நேற்றுகூட ஞாபகம் இருக்காது. தை பிறந்ததும் தக்காளி வந்து குவிகிறது, விலை சரிகிறது. எல்லா வருஷமும் இப்படித்தான். பொங்கலுக்கு முன்னால் மல்லிகை ஏறும், பொங்கல் முடிந்ததும் இறங்கும். அதனால் போன மாதத்தோடு மட்டும் பார்த்தால் பருவம் நம்மை ஏமாற்றிவிடும். தையைத் தையோடு வைத்துப் பார்த்தால்தான் வருஷத்தில் எவ்வளவு ஏறியது என்று தெரிகிறது. அதற்காக மாதக் கணக்கு வேண்டாம் என்றும் இல்லை. இப்போது காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அதுதான் முதலில் சொல்லும்.

திங்கட்கிழமை அப்பா எங்களை ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். நான் வந்து எல்லாருக்கும் விளக்க வேண்டுமாம். அத்தனை பேர் நடுவில் எனக்கு எங்கே வாய் வரும்? ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பாவே இனியாவைத் தூக்கிக்கொண்டு, "இதான்யா விலைவாசி. போன மாசத்துக்கு எளச்சிகீது, பொறந்தப்போ இருந்ததுக்குப் பெருத்துகீது. நானும் கரெக்ட்டு, நீயும் கரெக்ட்டு" என்றார். குப்பன் மாமா குனிந்து உற்றுப் பார்த்தார். விலைவாசி அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. விடவே இல்லை. ஸ்டாண்டே கைதட்டியது. "அப்போ யாருய்யா கடைசி வண்டி?" என்று ஒருவர் கேட்க, மீசையை விடுவித்துக்கொண்டே குப்பன் மாமா, "ஆளுக்கு மூணு நாள். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் லீவு" என்று தீர்ப்புச் சொன்னார். ஸ்டாண்டுக்கே வடை வாங்கினார்கள், செலவு பாதிப் பாதி.

ஆனால் அம்மா, அன்று சாயங்காலமே அப்பா சத்தமில்லாமல் ஆகிவிட்டார். வருஷக் கணக்கில் ஏறித்தான் இருக்கிறது என்றால் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மைசூர் பாக் டப்பாவில் கடைசித் துண்டு மூன்று நாளாக அப்படியே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். போன மாதத்தைவிட விலை இறங்கியிருக்கிறது. போன வருஷத்தைவிட ஏறியிருக்கிறது. நீ விமானம் ஏறிய நாளோடு பார்த்தால் எண்ணெய், அரிசி, வாடகை எல்லாமே நிறைய ஏறியிருக்கிறது. இன்னொன்றும் சின்மயியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வருஷக் கணக்கு குறைந்தது என்று நாளைக்கே டிவியில் சொன்னாலும் விலை திரும்பி இறங்கும் என்று அர்த்தம் இல்லையாம். ஏறுகிற வேகம்தான் குறையுமாம். இனியா அடுத்த வருஷம் இவ்வளவு வேகமாக வளரமாட்டாள். அதற்காக மறுபடி ரெண்டே முக்கால் கிலோ ஆகிவிடுவாளா என்ன? நீ விட்டுப்போன விலைக்கு இந்த ஊர் திரும்பாது, அம்மா. தக்காளி இறங்கும், மல்லிகை இறங்கும். மொத்தமும் இறங்கட்டும் என்று நீ காத்திருந்தால், அப்படி ஒரு நாள் வராது.

அதனால் இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ கேட்கிறாய், "புதுசா ஏதாவது உண்டாடி?" நான் "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் அப்படியேதான்" என்கிறேன். போன வெள்ளியோடு நிறுத்திப் பார்த்தால் அது உண்மைதான். நேற்று, இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாசி மாதத்தோடு நிறுத்திப் பார்த்தேன். அப்போது நீ எனக்குத் தலை பின்னிவிட்டாய். இப்போது நானே பின்னிக்கொள்கிறேன், வகிடு கோணலாக வருகிறது. அப்போது அப்பா சாப்பிடும்போது பேசுவார். அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கும் அடுத்த வெள்ளிக்கும் நடுவில் எதுவும் மாறவில்லை. ஆனால் எல்லாம் மாறியிருக்கிறது.

சமாளிக்க முடியுமா என்று நீ கேட்பாய். அப்பா ஓட்டுகிறார், நான் கடைக்குப் போகிறேன், நீ வந்து முன்பு போலத் தைக்க உட்கார்ந்தால் மெஷினுக்கு எண்ணெய் மட்டும் போட்டால் போதும். இழுத்துப் பிடித்துத்தான் போகும். எப்போது அப்படி இல்லை?

பங்குனியில் இனியாவுக்கு முதல் பிறந்தநாள். வண்டலூர் ஜூவுக்குப் போகலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவள் ஃபோனில் உன்னைப் பார்த்தால் திரையை நக்குகிறாள். வெள்ளிக்கிழமை அந்தக் காகிதத்தை மேடத்திடமே திருப்பிக் கொடுத்துவிடு, அம்மா. விலை இறங்கியதற்காக வேண்டாம். சும்மா வா.

கோணல் வகிடோடு,
தீபா.


சேலையூர்,
சனிக்கிழமை.

என் அம்மாவுக்கு,

நேற்று நீ கூப்பிட்டபோது நான்தான் ஃபோனை எடுத்தேன். விலைவாசியைப் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லை. கையெழுத்தைப் பற்றியும் சொல்லவில்லை. "தக்காளி மலிவாத்தானே இருக்கு? அஞ்சு கிலோ வாங்கித் தொக்கு போட்டு வையி. காரம் தூக்கலா இருக்கட்டும், இங்க இவங்க சாப்பாட்டுல நாக்கே செத்துப்போச்சு" என்றாய். நான் வழக்கம்போல ‘ம்’ என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் புரிந்தது. தொக்கைக் குவைத்துக்கு யாரும் எடுத்துப் போகப்போவதில்லை!

அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய், கடைசி மைசூர் பாக்கை எடுத்து இரண்டாகப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தார். கல்லாக இருந்தது. இரண்டு பேரும் கடித்துச் சாப்பிட்டோம். ஏர்போர்ட்டுக்குத் தன் வண்டிதான் வரும் என்று குப்பன் மாமா இப்போதே சண்டை போடுகிறார்.

தொக்கு ஆகிவிட்டது. உதயா அக்கா வந்து கிண்டினாள், நான் உப்பு பார்த்தேன். வீடு முழுக்கப் பெருங்காய வாசனை. இரண்டு பாட்டில் நிறைய எடுத்து மேல் அலமாரியில், அப்பா கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். கெடாமல் இருக்க எண்ணெய் தாராளமாகவே விட்டேன். எண்ணெய் விற்கிற விலைக்கு இது அதிகம்தான். பரவாயில்லை.

பத்திரமாக வந்து சேர், அம்மா. சீப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்
தீபா.