ஐந்தரைக் கட்டை

அம்பிட்டிய, கண்டி
3 ஜூலை 2024

அன்புள்ள றஞ்சனா,

கடித உறையைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் அடுத்த நிமிடம் நீ போன் எடுப்பாய். நீ பேசுவாய், நான் "ம்... ம்..." என்பேன், வைக்கும்போது உனக்குப் பிடித்தது எனக்கும் பிடித்துப்போயிருக்கும். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தானே? கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நீயும் கடிதமாகவே பதில் போடு. போன் எடுத்தால் வைத்துவிடுவேன்.

எனக்கு ஒன்றரை மாதமாக இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக் கொடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அலுமாரியை இழுத்து எதிர்ச் சுவரில் வைத்தேன். அடுத்த வாரம் பழைய சுவருக்கே கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் சுந்தரலிங்கம் கடுகண்ணாவையில் இருக்கும் டயர் கடையை மூடிவிட்டு வந்து, அதில் முட்டிக்கொண்டு, "என்னா தனம், வீட்டுக்குள்ளயே லொறி ஓட்டுறியா?" என்றார். சிரித்திருக்க வேண்டும். எரிந்து விழுந்தேன்.

காரணத்தைச் சொல்கிறேன். மே மாதம் வெசாக் பண்டிகை லீவில் வீட்டில் யாரும் இல்லை. சுருதிப் பெட்டியைப் போட்டு, காம்போதி வாசிக்கலாமென்று வில்லைத் தந்தியில் வைத்தேன். கை நகரவில்லை. நோவும் இல்லை, ராகமும் மறக்கவில்லை. கை காத்துக்கொண்டிருந்தது, றஞ்சனா. நீ முதலில் பாட வேண்டுமென்று காத்துக்கொண்டிருந்தது. நீ ஒரு பிடி பாடினால் நான் அதைத் திருப்பி வாசிப்பேன். உன் இடப்பக்கம் உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசித்து வாசித்து, எனக்குத் தொடங்கவே தெரியாமல் போய்விட்டது. எழும்பிப் போய்ச் சோறு வடித்தேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். செப்டம்பர் 14 என் பிறந்தநாள், சனிக்கிழமை. கண்டியில் ஒரு சின்ன மண்டபம் எடுத்துத் தனிக் கச்சேரி வைக்கப் போகிறேன். பாட்டு இல்லை, வயலின்தான். மிருதங்கத்துக்குச் சஞ்சயன் வருகிறான். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் உன்னை நான் ஒரு தடவைகூட எதிரே இருந்து பார்த்ததில்லை. நீயும் என்னைப் பார்த்ததில்லை.

வருவாய்தானே?

உன்
தனம்
(அழைப்பிதழில் தனலெட்சுமி என்று முழுசாகப் போடப் போகிறேன்.)


வெள்ளவத்தை
12 யூலை 2024

என் அன்புத் தனத்துக்கு,

நீ சொன்னபடி போன் எடுக்கவில்லை. மூன்று தடவை எடுக்கப்போய் வைத்துவிட்டேன். பேனை பிடித்து எவ்வளவு காலம்! எழுத்து கோழி கிண்டினதுபோல இருந்தால் பொறுத்துக்கொள்.

ஐம்பதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எனக்கும் நவம்பரில் ஐம்பதுதான். நான் தலைக்கு மை பூசுவதோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் மாடியில் ஒருத்தி இந்த வயதில் நீந்தப் பழகுகிறாள், நீ தனிக் கச்சேரி என்கிறாய். கோபிக்காதே, உள்ளதைச் சொல்கிறேன். கண்டியில் பாட்டுக் கேட்கவே ஆளைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். வெறும் வயலினுக்கு யார் வரப்போகிறார்கள்? வடைக்கு நாலு பேர் வருவார்கள். நீ மனமுடைந்துபோவாய். அதைப் பார்க்க எனக்கு ஏலாது.

14ஆம் திகதி எனக்கு இங்கே ஒரு நிகழ்ச்சி. வரமுடியாது. வேறொரு நாள் வந்து உன்னோடு கேக் சாப்பிடுகிறேன்.

இப்போது நம் வேலைக்கு வருவோம். ஒக்டோபர் 5, கண்டி நவராத்திரிக் கச்சேரி. முழுதாக மூன்று மணி நேரம். என் ஐம்பதுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். எந்த மிருதங்கம் கொண்டுவருவது என்று கேட்கச் சஞ்சயன் போன் எடுத்தான். "அக்கா, சுருதியைக் கொஞ்சம் இறக்குவமோ?" என்றான். "இருவத்திரண்டு வயசில முதல் மேடையில பாடின அதே ஐந்தரைக் கட்டைதான் தம்பி. ஒரு நூலும் இறக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு என்ன துணிச்சல் பார்.

நீ வழமைபோல என் பக்கத்தில் இரு. நீ இல்லாமல் எனக்கு மேடை இல்லை, தனம். இதை முகத்துதி என்று நினைத்துவிடாதே.

என்றும் அன்போடு,
றஞ்சனா


அம்பிட்டிய
21 ஜூலை 2024

றஞ்சனா,

வடை போடவில்லை. இஞ்சித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். அதற்கும் நாலு பேர் வந்தால் எனக்குச் சந்தோஷம்.

மண்டபம் கிடைத்துவிட்டது. கட்டுகஸ்தோட்டை வீதியில், தகரக் கூரை, மின்விசிறி இரண்டு, அதில் ஒன்று சுற்றும். பெரஹரா ஊர்வலம் முடியும்வரை என்னோடு பேசவே நேரமில்லை என்று விரட்டிய மண்டபக்காரர், கடைசியில் "யாரு பாடுறாங்க?" என்று கேட்டார். யாரும் பாடவில்லை என்றேன். "அப்ப எதுக்கும்மா வயலின்?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுபோய்விட்டது.

நவராத்திரிக்கு நான் வாசிக்கவில்லை. இதை எழுத மூன்று தாளைக் கிழித்தேன். கை இப்போதுதான் தன்பாட்டில் நகரப் பழகுகிறது. பள்ளிக்கூடம் போகுமுன் வாசிக்கிறேன். ஒரு நாள் வருகிறது, மூன்று நாள் வரவில்லை. வராத அன்று பிள்ளைகளைப் போட்டுத் திட்டுகிறேன். இந்த நேரத்தில் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அது பழையபடி உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு ஐம்பது வயது. இப்போது இல்லையென்றால் இனி எப்போது?

முன்வரிசையில் உனக்கு ஒரு கதிரை போட்டு வைப்பேன். உன் நிகழ்ச்சி நின்றுபோனால் வா.

உன் மேல் கோபம் இல்லை. இருக்கிறது, கொஞ்சம்.

தனம்


வெள்ளவத்தை
30 யூலை 2024

தனலெட்சுமிக்கு,

சரி. வயலினுக்கு அஜந்தன் என்று ஒரு பையன் இருக்கிறான். கெட்டிக்காரன். அவனைக் கேட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். தொண்ணூற்றாறில் கொழும்பு வயலின் வித்துவான் வராமல் விட்டபோது, "தனம் வாசிப்பாள்" என்று சொல்லி உன்னை மேடைக்கு இழுத்தது நான். என் அப்பா வேண்டாம் என்றார். என் அம்மாவின் நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் நீ மேடை ஏறினாய். தொடங்கத் தெரியாமல் போய்விட்டது என்கிறாய். உன்னைத் தொடக்கிவைத்ததே நான்தான்.

றஞ்சனா


அம்பிட்டிய
16 செப்டம்பர் 2024

றஞ்சனா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன். நீ சொன்னது எல்லாம் உண்மை. மடுல்கெல்ல தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வந்தவளிடம் பட்டுச் சேலை இருக்கவில்லை. சனிக்கிழமை கட்டியது என் சம்பளத்தில் வாங்கியது. நீ கேட்பாய் என்று எழுதுகிறேன்.

கச்சேரி நடந்தது. முப்பது பேர் வந்திருப்பார்கள், பாதிப்பேர் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார். வெளியே தேர்தல் பிரசார வான் வண்டி ஒன்று ஒலிபெருக்கியோடு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நான் வில்லை வைத்தேன். கை நின்றுவிட்டது. வெசாக் லீவில் நின்ற அதே மாதிரி. சுருதிப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சுருதி சேர்க்கிறேன் என்று சனம் நினைத்தது. சஞ்சயன் என்னைப் பார்த்தான், நான் நிலத்தைப் பார்த்தேன். எழும்பிப் போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

அப்போது கரண்ட் போய்விட்டது. மின்விசிறி, ஒலிவாங்கி, சுருதிப் பெட்டி எல்லாம் நின்றன. ஒரே அமைதி. அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. சுருதி இல்லாமல் எப்படி என்ற எரிச்சலில், வெறும் தந்தியில் ஷட்ஜத்தை இழுத்தேன். இழுத்ததை விட மனம் வரவில்லை. அடுத்த ஸ்வரம் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. காம்போதி எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. சுந்தரலிங்கம் பின்னால் நின்று போன் லைட்டை என் முகத்துக்கே பிடித்துக்கொண்டிருந்தார், கண் கூசியது. பிறகு மழையும் வந்து தகரத்தில் கொட்டியது. முதல் பாதி சுமார்தான். பொய் சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் தாளம் தடுக்கியது, சஞ்சயன் காப்பாற்றினான். பிந்திய பாதி நன்றாக இருந்தது.

உன் கதிரையில் ஒருவரையும் உட்கார விடவில்லை. ஒரு தாய் பிள்ளையைக் கொண்டுவந்து இருத்தப் பார்த்தாள், ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன். முடியும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

தனம்


அம்பிட்டிய
6 அக்டோபர் 2024

அன்புள்ள றஞ்சனா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று நான் வந்திருந்தேன். மூன்றாவது வரிசை, தூணுக்குப் பக்கத்தில். பொன்னாடை போர்த்தும்போது கைதட்டினேன். பாடும்போது நீ இடது புருவத்தைத் தூக்குவாய் என்று எனக்கு இதுவரை தெரியாது. அழகாக இருந்தது.

பெரிய உருப்படியில் மேல் பஞ்சமத்துக்கு ஏறினாய். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. அஜந்தன் நல்ல பிள்ளை. நீ பாடுவதை அப்படியே வாசிப்பான். நீ பாடாததை அவன் எப்படி வாசிப்பான்? அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது, மண்டபம் முழுக்கக் கேட்டது. நீ சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாய். அங்கே என்னைத் தேடினாய். இங்கே என் இடது கை விரல் மடியில் சேலையை அழுத்திக்கொண்டிருந்தது. மங்களம் பாடுமுன் எழும்பி வந்துவிட்டேன். இருந்திருந்தால் மேடைக்கு ஓடி வந்திருப்பேன்.

கொரோனாவுக்குப் பிறகு இந்த நாலு வருடமும் அந்த இடத்தில் நான்தான் நின்றேன். நீ ஏறுவதற்கு ஒரு இமைப்பொழுது முந்தி வில்லை அழுத்தி அந்த ஸ்வரத்தைப் பிடித்துவிடுவேன். உன் மூச்சும் என் தந்தியும் சேர்ந்து ஒரே குரலாகக் கேட்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அன்பினால் செய்தேன். ஆனால் நான் மறைக்க மறைக்க, நீ ஐந்தரையிலேயே நின்றுவிட்டாய். அதனால்தான் நேற்று அத்தனை பேர் முன்னால் அப்படி ஆனது.

ஒரு கட்டை இறக்கு, றஞ்சனா. நாலரையில் பாடு. உன் கீழ்க் குரல் இப்போதுதான் பழுத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. வயது போவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நானும்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்வரக் கொப்பியை வாசிக்கிறேன்.

உன் பக்கத்தில் உட்கார்ந்தால் திரும்பவும் மறைப்பேன். என் கை என் பேச்சைக் கேட்காது. அதனால் இனி உட்கார மாட்டேன். இதற்குப் பிறகு நீ எனக்கு எழுதாமல் விட்டால், ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன்
தனம்


வெள்ளவத்தை
27 ஒக்டோபர் 2024

தனம்,

உன் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு எடுத்தேன். தேயிலைக் கறை பட்டிருக்கிறது.

எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? நீ முந்திப் பிடிப்பாய், அதைக் கேட்டுக்கொண்டு நான் வாயைத் திறப்பேன். கை காத்துக்கொண்டிருந்தது என்று எழுதினாய். நாலு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தது நான். நீ இல்லாமல் மேடை இல்லை என்று எழுதினபோது, இதைவிட எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ தனியாக வாசிக்கப் போகிறேன் என்றதும் எனக்கு வந்தது பயம். அதைத்தான் கோபமாக எழுதினேன். சேலைக் கதையை எழுதியிருக்கவே கூடாது. அம்மா இருந்தால் என் வாயில் அடித்திருப்பா.

14ஆம் திகதி எனக்கு நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. வீட்டில்தான் இருந்தேன். ஆறு மணி அடித்ததும், இப்போது தொடங்கியிருப்பாய் என்று நினைத்தேன். பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்கவிட்டேன். அந்தக் கதிரையைப் பற்றி நீ எழுதியிருக்க வேண்டாம், தனம். அதற்குப் பதில் எழுதத்தான் என்னால் முடியவில்லை.

போன கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு நாலரைக்கு இறக்கிப் பார்த்தேன். முதல் நாள் அழுகைதான் வந்தது. மூன்றாம் நாள் பாடினேன். கீழ் வீட்டுப் பிள்ளை நிஷாந்தினி படியில் கண்டு, "அன்ரி, உங்கட வீட்டில புதுசா ஆரும் பாட வந்திருக்கினமோ?" என்று கேட்டது. ஓம் என்று சொன்னேன்.

நவம்பர் 23 என் பிறந்தநாள். மேடை இல்லை, பொன்னாடை இல்லை, வீட்டில்தான். சுந்தரலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் வா. வயலினைக் கொண்டு வா. நீ முதலில் தொடங்கு. எந்த இடத்தில் எனக்குச் சேர வருகிறதோ, அந்த இடத்தில் சேர்ந்துகொள்கிறேன். சேர வராவிட்டால் எதிரே கதிரையில் இருந்து கேட்கிறேன்.

றஞ்சனா