ஒன்றும் போடாத கிண்ணம்

12-7, செவ்வாய்

காலையில் தூறல் வருவது போல ஒரு பாவனை. பிறகு வழக்கமான வெயில். ரம்சான் பெருநாள், பள்ளிக்கூடம் லீவு. ஜமீலா வீட்டில் பிரியாணி. எவ்வளவு சாப்பிட்டேன் என்று எழுத மாட்டேன். இந்த நோட்டை அண்ணன் திருட்டுத்தனமாகப் படிக்கிறான். (படித்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்கு: வணக்கம்.)

நோன்புக்கு வாங்கிய கடல்பாசி அங்கே ஒரு பொட்டலம் மிச்சம். காய்ச்சி ஊற்றி ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி உறையும் சாமான். ஜமீலாவின் உம்மாவிடம் கேட்டேன்.

"பால்ல போட்டுக் காய்ச்சப் போறியா புள்ள?"

"இல்லம்மா. எலும்பு ஆணத்துல."

ஒரு பார்வை. ஆனாலும் கொடுத்துவிட்டார். கூடவே எலும்புச் சாறும், சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஆறும், மூடிவைக்கத் தட்டும். "ஒண்ணு உடைஞ்சாலும் உன் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்."

காரணம்: கி.டீ. (கிரேஸ் டீச்சர், ப்ளஸ் ஒன் உயிரியல்) போன வாரம் சொன்னார். இறைச்சிச் சாற்றையும் கடல்பாசியையும் சேர்த்து உறைய வைத்தால் பாக்டீரியா அதில் குடியேறிப் பெருகும், கூட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். யார் கை அதிக அழுக்கு என்று ஊருக்குக் காட்ட இதைவிட நல்ல வழி உண்டா?

13-7, புதன்

பாசி ஜோசியம் இனிதே நடந்தது. இடைவேளையில் மரத்தடியில் கடை. "விரலை லேசா வச்சு எடுங்க, சனிக்கிழமை பலன் தெரியும்." டிரில் சாரே வந்து கட்டைவிரலை அமுக்கினார்.

"பிரமோசன் வருமாட்டி?"

"நெறைய வரும் சார்."

பொய் சொல்லவில்லை. என்ன வரும் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் அண்ணன். மாதுளை உரித்துத் தின்றுகொண்டே கிண்ணத்தில் விரலை வைத்தான். தோல் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தது. எடுக்கச் சோம்பல். அப்படியே மூடி, சூடு இருக்கட்டும் என்று அடுப்படி அலமாரியில் வைத்தாயிற்று.

16-7, சனி

திறந்தேன். நாற்றம். டிரில் சார் கிண்ணத்தில் வெண்மஞ்சளாகப் புள்ளி புள்ளியாக, கூழ்வற்றல் ஊற்றிக் காயப்போட்ட மாதிரி. பிரமோஷன்தான். ஜமீலா சிரித்துச் சிரித்து விக்கினாள்.

அப்புறம் அண்ணன் கிண்ணம். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

எல்லா இடமும் வளர்ந்திருக்கிறது. மாதுளைத் தோல் கிடந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒன்றுமே இல்லை. வட்டமாக, சுத்தமாக. மழைக்கு முன்னால் நிலா தன்னைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அப்படி. கோட்டைக்கு வெளியே கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஒன்றுகூட வரவில்லை.

"தண்ணி பட்டிருக்கும்ட்டி," என்றாள் ஜமீலா.

"தண்ணி பட்டா வட்டமாவா படும்?"

 ஜமீலா விரலால் காற்றில் அந்த வட்டத்தை வரைந்து பார்த்தாள்.

படுக்கையில் யோசனை. பழம் மரத்தில் வெயில், மழை, பூச்சி எல்லாவற்றுக்கும் நடுவே எத்தனை நாள் தொங்குகிறது. ஒன்றும் ஆவதில்லை. உரித்து வைத்தால் மறுநாள் அழுகல். அப்படியானால் இத்தனை நாளும் காவல் நின்றது யார்? அவனைத்தான் நாம் முதலில் பிய்த்துக் குப்பையில் எறிகிறோம்.

18-7, திங்கள்

காற்று. கண்ணெல்லாம் மண். கிண்ணத்தைக் கி.டீ.யிடம் காட்டினேன்.

எங்கள் வகுப்பில் கோமதி மூன்று பேர். இந்த ஊரில் கோமதி என்று பெயர் வைக்காவிட்டால் கோமதியம்மன் கோபித்துக்கொள்வாள் போல. ஒருத்தி நெட்டைக் கோமதி, ஒருத்தி பாட்டுக் கோமதி. நான் சேட்டைக் கோமதி. இன்றைக்கு அந்தப் பட்டம் கழுத்தைப் பிடித்தது.

"போன மாசம் தேங்கா நாரக் கொண்டாந்து அபூர்வப் பூச்சின்னு சொன்னவதான நீ? நானும் படம் வரைஞ்சேன்."

"இது நெசம் டீச்சர்."

"நீதான் வழிச்சு எடுத்திருப்ப. தோலிருக்கச் சுளைய முழுங்குதவளாச்சே."

"இப்ப சுளைய விட்டுட்டேன் டீச்சர். தோலைத்தான் பிடிச்சிருக்கேன்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொல்கிறேன், வாங்க ஆள் இல்லை.

பெல் அடித்த பிறகு கூப்பிட்டார். திருநெல்வேலியில் அறிவியல் கண்காட்சி. பள்ளிக்கு ஒரு மாடல்தான். ஏற்கெனவே தயார்: பத்தாம் வகுப்புப் பையன்களின் அணைக்கட்டு.

"திரும்பச் செய். வேற வேற தோலு போடு. ஒரு கிண்ணத்துல மட்டும் ஒண்ணும் போடாத. அது முழுக்க முளைச்சு, தோலு போட்டதுல வட்டம் விழுந்துச்சுன்னா நம்புதேன். திங்கக்கிழமை பேரு அனுப்பணும்."

21-7, வியாழன்

இரண்டு நாளாகத் தோல் வேட்டை. பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்காரர் கூடையையே தள்ளிவிட்டார்.

"மாடு வளக்கியாட்டி?"

"இல்ல அண்ணாச்சி. கிருமி வளக்கேன்."

"நல்லா வளரட்டும் தாயி," என்றார். காதில் என்ன விழுந்ததோ.

ஆறு கிண்ணத்தையும் கொதிக்க வைத்துக் கழுவி, புதிதாகக் காய்ச்சி ஊற்றினோம். எல்லாவற்றிலும், தனியே எடுத்துவைத்திருந்த டிரில் சார் வம்சத்தையே தடவினோம். மாதுளை. எலுமிச்சை (புளியங்குடிப் பழம், தோலை நறுக்கும்போதே கண் எரிந்தது). சாத்துக்குடி. மாம்பழம். வாழை. ஆறாவதில் ஒன்றும் இல்லை. மூடி, அதே அடுப்படி அலமாரியில் வைத்தாயிற்று.

ஞாயிறு வரை திறக்கக் கூடாது. டீச்சர் உத்தரவு. கை அரிக்கிறது.

22-7, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. நான் எழுந்திருப்பதற்குள் அம்மா வீட்டைக் கழுவி, அசையாத எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். நிலை, அம்மி, தையல் மெஷின், அண்ணனின் சைக்கிள். இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தால் எனக்கும் வைத்திருப்பாள்.

பாயசம். கிண்ணத்தைத் திறக்கவில்லை. சத்தியமாக.

24-7, ஞாயிறு

திறந்தோம். ஜமீலா ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

மாதுளை: பெரிய வட்டம்.  எலுமிச்சை: அதைவிடக் கொஞ்சம் சின்னது. மாம்பழம்: இருக்கிறது. சாத்துக்குடி: உற்றுப் பார்த்தால் உண்டு. வாழை: ஒன்றுமில்லை. வாழைத் தோலுக்கு ஆளை விழவைக்கத்தான் தெரியும்.

ஆறாவது. ஒன்றும் போடாதது. நடுவில் மஞ்சள், அதன்மேல் குங்குமம், பொட்டு மாதிரி. அதைச் சுற்றி வட்டம்.

"அம்மா."

"என்னட்டி கத்துத?"

"இதுல பொட்டு வச்சியா?"

"ஆமா. மத்ததுல எல்லாம் என்னமோ கெடந்துச்சு. அது ஒண்ணுதான் வெறுமையா இருந்துச்சு. ஆடி வெள்ளியும் அதுவுமா பாத்திரத்த வெறுமையா விடலாமா?"

 ஒன்றும் இல்லாதது என்று ஒன்று வேண்டும் எனக்கு. அதை எங்கள் வீட்டில் விட்டுவைக்க மாட்டார்கள்.

ஜமீலா கரண்டியை எடுத்தாள். "பொட்டத் தோண்டி எடுத்துருவோம். மத்ததுலேருந்து கொஞ்சம் எடுத்து அங்கன அப்பிவிட்டா யாருக்குத் தெரியும்? நீ செய்யாத வேலையா?"

செய்யாத வேலை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கரண்டியை வாங்கினேன். குனிந்தேன். மஞ்சளைச் சுற்றி அந்த வட்டம். யாரும் கேட்காமல், யாரும் எதிர்பார்க்காமல், தானாக விழுந்தது. தினமும் குழம்பில் போடுகிறோம், முகத்தில் பூசுகிறோம். அது உள்ளே இத்தனை வேலை பார்க்கிறதா? மாதுளையும் எலுமிச்சையும் மஞ்சளும் பேசி வைத்துக்கொண்டதா?

தோண்ட முடியவில்லை. கை வரவில்லை. கரண்டியைக் கழுவி வைத்தேன்.

"லூசு," என்றாள் ஜமீலா. "அணைக்கட்டு போகட்டும் போ."

25-7, திங்கள்

மேகமூட்டம். ஆறு கிண்ணமும் சாப்பாட்டுக் கூடையில், உடையாமல் பள்ளிக்கூடம் சேர்ந்தன.

கி.டீ. ஒவ்வொன்றாகப் பார்த்தார்.  ஆறாவதை எடுத்தார்.

"இதுல ஒண்ணும் போடக் கூடாதுன்னேன்லா?"

நடந்ததைச் சொன்னேன். ஆடி வெள்ளி, அம்மா, வெறும் பாத்திரம். சொல்லும்போதே எனக்கே இட்டுக்கட்டின கதை மாதிரி கேட்டது.

"இத அனுப்ப முடியாது கோமதி. ஒண்ணும் போடாத கிண்ணம் இல்லன்னா இது கணக்குலயே சேராது."

"தெரியும் டீச்சர்."

"அணைக்கட்டு பேரத்தான் அனுப்பப் போறேன்."

"சரி டீச்சர்."

கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"நில்லு. நீ சொன்னத நம்புதேன்."

"எதுக்கு டீச்சர்?"

"பொய்யா இருந்தா இந்தக் கிண்ணம் வர்ற வழியிலயே கைதவறி விழுந்திருக்கும்."

ஆறாவது கிண்ணத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். பெல் அடித்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். டீச்சர் நகரவில்லை.