உருப்படியா இருந்தா குடுத்திருப்போம்

ஞாயிறு.

மயிலாப்பூர் கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே ராமலிங்கம் சார். அவர் கருவிக்குக் காப்புரிமை கேட்ட மனுவைப் பரிசோதித்தவன் நான். குறையே இல்லை என்று கோப்பில் எழுதியிருக்கிறேன். ஆனால் ராணுவ விஷயமாம், ரகசிய உத்தரவு. உரிமையும் தரமாட்டோம், அவர் யாரிடமும் வாய் திறக்கவும் கூடாது.

அவர் மச்சினன் என்னிடம் சத்தமாகவே கேட்டான்: "சார், நீங்க அந்த ஆபீஸ்தானே? எங்க அக்கா வீட்டுக்காரர் ஏதோ மெஷின் பண்ணாராம், அஞ்சு வருஷமா இழுக்குது. உருப்படியா இருந்தா குடுத்திருப்பீங்கல்ல?"

பந்தியே சிரித்தது. அவர் என்னையே பார்த்தார்.

'எனக்குத் தெரியாது' என்றிருக்கலாம். "உருப்படியா இருந்தா குடுத்திருப்போம்" என்றேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

உத்தரவை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கும் கடிதம் நாளை அவருக்குப் போகிறது. வெள்ளிக்கிழமையே தயார் செய்துவிட்டேன்.