ரைன் பாலத்தில் கையோடு வந்த பூட்டு

என் அன்பு அப்பா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. உங்கள் மாப்பிள்ளை குறட்டை விடுகிறார். எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நான் ஜெர்மனியில் இருக்கிறேன் அப்பா. ஆமாம், நானேதான்! பழனி பஸ்ஸில் ஏறினாலே "கேஸை மூடினோமா?" என்று பத்துத் தடவை கேட்கிற உங்கள் மகள். ஆபீஸ் வேலையாக மாப்பிள்ளையைக் கொலோன் நகரத்துக்கு அனுப்பினார்கள். பத்து நாள்தானே, நீயும் வா என்றார். ஜெனியை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். ஐந்து வயதாகிறது, ஒரு ராத்திரிகூட அவளைப் பிரிந்து இருந்ததில்லை. அந்தக் கோபத்தில் நான்கு நாளாக அவள் என்னோடு பேசவே இல்லை. வீடியோவில் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். "பிள்ள நல்லாத்தான் இருக்கா, நீ ஊரப் பாருடி" என்கிறார் அம்மா. எப்படிப் பார்ப்பேன்?

ஆனாலும் இன்று பார்த்தேன். எப்பேர்ப்பட்ட ஊர்! கரை முட்ட ஓடுகிற ரைன் ஆற்றைத் தண்ணீருக்குத் தவிக்கும் நம் குஜிலியம்பாறைக்காரர்கள் பார்த்தால் அழுதேவிடுவார்கள். சரக்குப் படகு ஒன்று போனது, அதன் மேலே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். கரையில் மஞ்சளும் சிவப்புமாக ஒல்லி ஒல்லி வீடுகள். பேராலயத்தின் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்தே பிடித்துக்கொண்டது. உள்ளே உங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். வெளிச்சம் தெரிந்ததா?

அப்புறம்தான் அந்த ரயில் பாலம். நடைபாதை ஓரத்துக் கம்பிவலை முழுக்கப் பூட்டு அப்பா! நம் ஊர்ப் பூட்டுக் கடைவீதியையே கொண்டுவந்து மாட்டினாலும் அவ்வளவு வராது. காதலிப்பவர்கள் பேரெழுதிப் பூட்டிவிட்டு, சாவியை ஆற்றில் எறிந்துவிடுவார்களாம்.

"மாத்துச் சாவிய யாருகிட்ட குடுத்து வப்பாங்க?" என்று கேட்டேன்.

"திண்டுக்கல்லுக்காரியக் கட்டிக்கிட்டேன் பாரு!" என்று மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

உங்கள் ஞாபகம் வராமல் இருக்குமா? வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பீர்கள். தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை. அதனாலேயே பஸ்ஸை விட்டு, ஆயக்குடிக் கல்யாணத்தில் பூசை முடிந்து பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். போனைக் கட்டிலுக்கு அடியில் நீட்டச் சொல்லி, பூட்டுகளைக் காட்டினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"இழுத்துப் பாத்தியா?"

ஜெனி! நான்கு நாளில் முதல் பேச்சு.

"எதடி தங்கம்?"

"பூட்டத்தான். தாத்தா மாதிரி, மூணு தடவ."

எதிரில் தொங்கிய ஒன்றை இழுத்தேன். ஒன்று, இரண்டு… கையோடு வந்துவிட்டது! எந்த ஜோடியோ சரியாக அழுத்தாமலே சாவியை எறிந்துவிட்டுப் போயிருக்கிறது.

"அடியே, யாரு கல்யாணத்தையோ கலைச்சுப்புட்டியே!" என்று மாப்பிள்ளை அலறினார்.

"அச்சச்சோ, பூட்டும்மா! யாரும் பாக்குறதுக்குள்ள பூட்டு!" என்று கத்திக்கொண்டே ஜெனி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். தலையெல்லாம் தூசி. சிரிக்கிறாள் அப்பா!

மாட்டி அழுத்தினேன். டக். அவள் எண்ண எண்ண மூன்று தடவை இழுத்தேன்.

"நீ எப்பம்மா வருவ?"

"ஞாயித்துக்கெழம."

"வந்தாலும் நம்ம வீட்டுப் பூட்ட நாந்தான் இழுப்பேன்."

இத்தனை வருடமாக, நீங்கள் இழுத்துப் பார்த்ததைப் பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடமும் ஒட்டிக்கொண்டதே என்று வெட்கப்பட்டேன். பயம்தானா அப்பா அது?

அடுத்த தடவை ஜெனியையும் கூட்டி வருவேன், இது சத்தியம். நம் ஊர்ப் பூட்டு ஒன்றில் உங்கள் பேரெழுதி இங்கே மாட்டுவோம். ஒரு சாவியை அவள் ஆற்றில் எறியட்டும். மாற்றுச் சாவி, வீட்டில் மாலை போட்டிருக்கும் உங்கள் போட்டோ ஆணியிலேயே தொங்கும். சரிதானே? கனவில் வந்தாவது சொல்லுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பூட்டை இழுத்துப் பார்க்கும் உங்கள் மகள்,
ஜெனியின் அம்மா